திரும்பப் பெறப்படும் மருத்துவக் கட்டுரைகள்: எங்கே தவறுகிறோம்?

முதுநிலை மருத்துவ மாணவர்களின் தீசிஸுக்குப் புள்ளியியல் கணக்குப் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. போன மாதம் திருவல்லிக்கேணியில் பைண்டிங் கடை வாசலில் ஒரு மாணவர் தன் மேற்கோள் பட்டியலை நீட்டினார். அதில் பதினேழாவது கட்டுரை திரும்பப் பெறப்பட்டு, அதாவது இனி அதை நம்ப வேண்டாம் என்று வெளியிட்ட ஜர்னலே அறிவித்து, மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. "சீனியருடைய தீசிஸிலிருந்து எடுத்தேன் சார்" என்றார். அவருடைய பென் டிரைவில் இருந்த பிடிஎஃப்பில் 'திரும்பப் பெறப்பட்டது' என்ற முத்திரை இல்லை. திரும்பப் பெறுவதற்கு முன்பே இறக்கிய கோப்பில் முத்திரை எப்படி வரும்?

சேமித்து வைத்த கோப்பை நம்பாதீர்கள். பைண்டிங்குக்குக் கொடுக்கும் முன் ஒவ்வொரு மேற்கோளையும் மருத்துவக் கட்டுரைகளின் இணையத் தரவுத்தளமான பப்மெட்டில் தேடிப் பாருங்கள். மேற்கோள்களைச் சேர்த்து வைக்கும் சோட்டெரோ மென்பொருள் தானாகவே எச்சரிக்கும். இந்த வேலையைச் சம்பிரதாயம் என்று தள்ளிவிட முடியாது. ஜெர்மானிய மயக்க மருத்துவர் யோவாக்கிம் போல்ட்டின் கட்டுரைகள் ஏராளமாகத் திரும்பப் பெறப்பட்டன. 2013இல் வந்த, பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துக் கணக்கிடும் ஒரு தொகுப்பாய்வில் அவருடைய ஆய்வுகளை நீக்கிவிட்டுக் கணக்கிட்டபோதுதான், ஹைட்ராக்ஸிஎத்தில் ஸ்டார்ச் என்ற திரவம் நரம்பு வழியாக ஏற்றப்பட்ட தீவிர சிகிச்சை நோயாளிகளிடம் இறப்பு கூடுதலாக இருப்பது தெரிந்தது.

அடுத்தது ஏஜென்ட். "பேப்பர் போட்டுத் தருகிறோம், நாற்பது நாள்" என்று வாட்ஸ்அப்பில் வரும். நம் சென்னையிலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்தின் ஆய்வு முறை பற்றிய ஆன்லைன் படிப்பை முடித்து, சான்றிதழ் வாங்கிய கையோடு இவர்களுக்குப் பணம் அனுப்புபவர்களையும் பார்த்திருக்கிறேன். எனக்குத் தெரிந்த ஒருவர் பதவி உயர்வு அவசரத்தில் அப்படிக் கொடுத்தார். ஏஜென்ட் அவர் பெயரிலேயே ஒரு மின்னஞ்சல் முகவரி தொடங்கி, அதிலிருந்து கட்டுரையை அனுப்பினார். அது வெளியான பிறகு ஏதோ சந்தேகம் வந்து, நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கடிதத்தை ஜர்னல் கேட்டது. கேள்வி போனதும் அந்தப் பெட்டிக்குத்தான். பதில் வரவில்லை, ஜர்னல் கட்டுரையைத் திரும்பப் பெற்றுவிட்டது. முறையான ஒப்புதல் கடிதம் அவர் மேஜை டிராயரில் இருந்தது! கட்டுரையை நீங்களே அனுப்புங்கள். கடவுச்சொல் உங்களிடம் இருக்கட்டும்.

ஏஜென்ட் சொல்லும் ஜர்னலையும் விசாரியுங்கள். 2023இல் உலகெங்கும் 10,000க்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன; அவற்றில் பெரும்பகுதி வைலி நிறுவனம் வாங்கியிருந்த ஹிந்தாவி பதிப்பகத்தின் ஜர்னல்களில் வந்தவை. சிறப்பிதழ்கள் வழியாக, கட்டுரைகளை மற்ற ஆய்வாளர்கள் சரிபார்த்ததாகக் காட்டும் போலி மதிப்பீடுகள் நுழைந்திருந்தன. ஜர்னல்களைப் பட்டியலிடும் தரவுத்தளத்தில் பெயர் இருந்ததை மட்டும் பார்த்துக் கட்டுரை கொடுத்தவர்களும் அதில் உண்டு.

பிறர் எழுதியதை எடுத்து, சொற்களை மாற்றும் மென்பொருளில் போட்டு எடுப்பதும் வேண்டாம். 'மார்பகப் புற்றுநோய்' என்பதற்கான ஆங்கிலச் சொல் அதில் 'மார்பு ஆபத்து' என்கிற மாதிரி வெளிவரும். அப்படிப்பட்ட சொற்களைத் தேடிப் பிடிப்பதையே வேலையாகச் செய்யும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள்.

எல்லா நோயாளிகளின் அசல் தரவும் வரிசையாக இருக்கும் மாஸ்டர் சார்ட்டைப் பற்றி நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். அதைப் பார்க்காமல் ஆசிரியராகப் பெயர் போடக் கூடாது, சொன்னவர் துறைத் தலைவராகவே இருந்தாலும். 96,032 நோயாளிகளின் தரவு என்று சொல்லி லான்செட் மருத்துவ ஜர்னல் 2020 மே 22 அன்று வெளியிட்ட, கோவிட் நோயாளிகளுக்கு ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மருந்து கொடுப்பது பற்றிய கட்டுரை, ஜூன் 4 அன்றே திரும்பப் பெறப்பட்டது. தரவு சர்ஜிஸ்ஃபியர் என்ற நிறுவனத்திடம் இருந்தது. தணிக்கைக்குக் கேட்டபோது அது தர மறுத்தது. இடையில் உலக சுகாதார நிறுவனம் தன் பரிசோதனையில் அந்த மருந்துக்கான பகுதியைச் சில நாட்கள் நிறுத்தியே வைத்துவிட்டது.

கடைசியாக, நேர்மையான பிழையை மறைப்பது. மாஸ்டர் சார்ட்டில் இரண்டு குழுக்களின் குறியீடுகள் இடம் மாறிவிட்டன என்று கட்டுரை வெளியான பிறகு தெரியவரலாம். திரும்பப் பெறுவது அறிவியல் பதிவைத் திருத்துவதற்கு, ஆசிரியர்களைத் தண்டிப்பதற்கு அல்ல என்று ஜர்னல்களுக்கான நெறிமுறைகளை வகுக்கும் கோப் (COPE) அமைப்பின் வழிகாட்டுதலே சொல்கிறது. இணை ஆசிரியர்களிடம் சொல்லிவிட்டு, எந்த அட்டவணை, எந்த எண், முடிவு மாறுகிறதா என்பதைக் குறிப்பிட்டு ஜர்னல் ஆசிரியருக்கு எழுதுங்கள். முடிவு மாறாவிட்டால் பெரும்பாலும் ஒரு திருத்தக் குறிப்போடு விஷயம் முடிந்துவிடும்.