தெப்பக்காடு யானைகள் முகாமுக்குக் குழந்தைகளுடன் செல்வோர் கவனத்திற்கு

முதுமலையில் மாயாற்றங்கரையில் உள்ள தெப்பக்காடு முகாமில், ராகி, கொள்ளு, அரிசி ஆகியவற்றை வேகவைத்து வெல்லமும் உப்பும் சேர்த்து உருட்டிய பெரிய கவளங்களைப் பாகன்கள் யானைகளுக்கு ஊட்டுவது காலையிலும் மாலையிலும் மட்டுமே என்பதால், அந்த வேளையை முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு பயணத்தைத் திட்டமிடுங்கள். நண்பகலில் போய்ச் சேர்ந்தால் குழந்தைகள் ஏமாந்துவிடுவார்கள். நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் பதிவு தேவைப்படுகிறது. ஊட்டியிலிருந்து மசினகுடி வழியாகச் செல்லும் கல்லட்டிச் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் இருப்பதாலும், வெளியூர் வாகனங்களுக்குக் கட்டுப்பாடு இருப்பதாலும், தொலைவு கூடினாலும் கூடலூர் வழியே செல்வதுதான் குடும்பத்தினருக்குப் பாதுகாப்பானது என்பது என் உறுதியான கருத்து. பழகிய யானையும் காட்டு விலங்குதான் என்பதைப் புறப்படும் முன்பே குழந்தைகளுக்குச் சொல்லி, தடுப்பைத் தாண்டவோ, கையிலுள்ள தின்பண்டத்தை நீட்டவோ கூடாது என்று அன்போடு பழக்குங்கள்.