சிடுமூஞ்சி கேரக்டரை மற்றவர்கள் ரசிக்கும்படி ஆடுவது எப்படி?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் போன்ற, ஆளுக்கொரு கேரக்டராகப் பேசி நடித்துக் கதையை நகர்த்தும் ரோல்பிளே ஆட்டங்களைக் கொஞ்ச நாள் ஆடிய எல்லாருக்கும் ஒரு ஆசை வரும்: நல்லவனையே ஆடி அலுத்துவிட்டது, ஒரு முசுட்டையோ கஞ்சனையோ தலைக்கனம் பிடித்தவனையோ ஆடிப் பார்க்க வேண்டும். நல்ல ஆசைதான். இப்படிப்பட்ட ஒருவன் இருந்தால் கதைக்கே காரம் கூடும். ஆனால் பெரும்பாலும் இரண்டாவது செஷனிலேயே மற்றவர்கள் செல்போனைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

கேரக்டர் கெட்டவன் என்பதால் இப்படி ஆவதில்லை. அவன் குணம் மற்றவர்களின் நேரத்தையும் பொருளையும் முடிவையும் தின்பதால்தான் ஆகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு மணி நேர செஷன், நான்கு ஆட்டக்காரர்கள், கதையை நடத்தும் ஒரு டி.எம். (டன்ஜன் மாஸ்டர்). வர்ணனைக்கும் விதிகளுக்கும் பாதி நேரம் போனால் மிச்சம் 120 நிமிடம், ஆளுக்கு 30. உங்கள் ஆள் "நான் வரமாட்டேன்" என்று முரண்டு பிடித்து, மற்ற மூவரும் 15 நிமிடம் கெஞ்சினால், அந்த 120இல் எட்டில் ஒரு பங்கு போய்விடும். கதையோ ஓர் அடிகூட நகர்ந்திருக்காது.

இந்தச் செய்முறை முழுவதற்கும் அடிப்படை ஒன்றுதான்: வாய் எவ்வளவு வேண்டுமானாலும் கசக்கலாம், கை எப்போதும் பார்ட்டியின், அதாவது சேர்ந்து பயணிக்கும் கேரக்டர் கூட்டத்தின், பக்கம் இருக்க வேண்டும்.

விளக்குவதற்கு ஓர் ஆளை உருவாக்கிக்கொள்வோம். பெயர் ஆல்ட்ரிக். 2014இல் வந்த 5ஆம் பதிப்பு விதிகளின்படி முதல் லெவல் விசார்ட் (மந்திரவாதி), பிரபுக் குடும்பத்துப் பின்னணி. கூட இருப்பவர்கள் பார்பேரியன் (முரட்டு வீராங்கனை) க்ரூனா, ரோக் (மறைந்து தாக்கும் தந்திரசாலி) பிப், கிளெரிக் (தெய்வ அருளால் மந்திரம் செய்யும் பூசாரி) மேரா.

படி 1: ஒரே ஒரு குறையைத் தேர்ந்தெடுங்கள்

கஞ்சத்தனம், கோபம், திமிர், சந்தேகம் எல்லாவற்றையும் ஒரே ஆளிடம் கொட்டினால் அவனை யாருக்கும் அடையாளம் தெரியாது. எப்போதும் கத்துகிற ஒருவனாகத்தான் மிஞ்சுவான். ஒரு குறை போதும். அதனால் முதலில் அடிபடுகிறவன் அவனாகவே இருக்க வேண்டும்.

2014 கேரக்டர் ஷீட்டில், அதாவது கேரக்டரின் விவரங்களை எழுதி வைக்கும் தாளில், குறைக்கென்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் "எல்லாரையும் வெறுப்பான்" என்று எழுதினால் அதை வைத்து எதுவும் செய்ய முடியாது. "தனக்குத் தெரியாது என்று ஒப்புக்கொள்ளவே மாட்டான்" என்று எழுதினால் ஒவ்வொரு செஷனிலும் வேலை இருக்கும். காளானைப் பார்த்ததும் "சாப்பிடலாம், எனக்குத் தெரியும்" என்பான், முதலில் தானே கடிப்பான். வயிறு கெடுவது அவனுக்கு, சிரிப்பு மற்றவர்களுக்கு.

சில குறைகளைப் புதியவர்கள் தொடவே வேண்டாம். கூட்டாளியின் பையில் திருடுபவன், ராத்திரியில் பார்ட்டியை விட்டுத் தனியே போகிறவன், விசாரிக்க வேண்டிய கைதியைக் கேட்காமலே கொல்கிறவன், கூட இருக்கும் கேரக்டர்களிடம் ஆபாசமாகப் பேசுகிறவன். முதல் மூன்றும் கையின் குறைகள். திருட்டு இன்னொருவரின் பொருளை எடுக்கிறது. தனியே போவது டி.எம்.மை இரண்டு கதை நடத்த வைத்து மூன்று பேரைச் சும்மா உட்கார வைக்கிறது. கைதியைக் கொல்வது மற்றவர்கள் போட்ட திட்டத்தைக் கலைக்கிறது. நான்காவது, கேரக்டரைத் தாண்டி மேசையில் உட்கார்ந்திருக்கும் மனிதரையே போய்த் தொடும்.

துரோகக் கதை ஆட ஆசையாக இருந்தால் டி.எம்.மிடம் மட்டும் ரகசியமாகச் சொல்லி வைக்காதீர்கள். ஆட்டக்காரர்கள் எல்லாருக்கும் முன்கூட்டியே தெரியட்டும். கேரக்டர்களுக்குத் தெரியாமல் இருந்தால் போதும். தெரிந்தவர்கள் அந்தத் துரோகத்துக்கு அழகாக மேடை போட்டுத் தருவார்கள். தெரியாதவர்கள் நிஜமாகவே ஏமாந்த கோபத்தோடு வீட்டுக்குப் போவார்கள்.

படி 2: இரண்டு வாக்கியம் எழுதுங்கள்

முதல் வாக்கியம்: இவன் ஏன் இந்தக் கூட்டத்தோடு இருக்கிறான்? இரண்டாவது: இந்தக் கூட்டம் ஏன் இவனைச் சகித்துக்கொள்கிறது?

முதலாவதை எல்லாரும் எழுதிவிடுவார்கள். இரண்டாவதைத்தான் விட்டுவிடுவார்கள், வினையே அங்கேதான். காரணமில்லாமல் ஒரு முசுட்டைக் கூட வைத்திருக்க வேண்டியிருந்தால், "இது நம்ம நண்பனின் கேரக்டர், துரத்த முடியாது" என்பதற்காகவே மற்றவர்கள் நடிக்க வேண்டிவரும். அந்தச் சுமையை அவர்கள் தலையில் ஏற்றாதீர்கள்.

ஆல்ட்ரிக்குக்குக் காரணம் அவனுடைய மந்திரப் புத்தகத்தில் இருக்கிறது. ஃபெதர் ஃபால்: விழுந்துகொண்டிருக்கும் ஐந்து பேர்வரை ஒரே ரியாக்‌ஷனில் காப்பாற்றும் முதல் லெவல் மந்திரம். தினமும் மறக்காமல் தயார் செய்து வைத்திருப்பான். பாலம் உடைந்து நான்கு பேரும் விழும்போது, "பார்த்து நடக்கக்கூடத் தெரியாதா உங்களுக்கு?" என்று திட்டிக்கொண்டே எல்லாரையும் மெல்ல இறக்கிவிடுவான். அடுத்து ஐடென்டிஃபை, ஒரு மந்திரப் பொருள் என்ன செய்யும் என்று கண்டுபிடிக்கும் மந்திரம். அதற்கு 100 தங்க நாணயம் மதிப்புள்ள முத்து ஒன்று வேண்டும், பயன்படுத்தினால் தீர்ந்துபோகாது. கிடைத்த முத்தைப் பட்டுத் துணியில் சுற்றி யாரையும் தொட விடமாட்டான். ஆனால் யார் எந்த மந்திரப் பொருளைக் கொண்டுவந்தாலும் முணுமுணுத்துக்கொண்டே சோதித்துச் சொல்லிவிடுவான். வாய் மறுக்கிறது, கை செய்கிறது.

படி 3: ஆட்டத்துக்கு முன்பே கேளுங்கள்

செஷன் ஜீரோவில், அதாவது கேரக்டர் உருவாக்கும் நாளில், ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி: "உன் கேரக்டரை ஆல்ட்ரிக் எதை வைத்துச் சீண்டலாம், எதைத் தொடவே கூடாது?"

"என் முரட்டுத்தனத்தைக் கிண்டல் பண்ணு, ஆனா செத்துப்போன என் தங்கச்சியைப் பத்திப் பேசாதே" என்பாள் க்ரூனாவை ஆடுபவள். குறித்துக்கொள்ளுங்கள். நிஜ வாழ்க்கையில் ஒருவரைக் காயப்படுத்தக்கூடிய சாதி, மதம், நிறம், உடல், இங்கிலீஷ் பேசும் விதம் எதையும் கேட்காமலே ஒதுக்கிவிடுங்கள். கற்பனை உலகத்து ஆளுக்குக் கேலி செய்ய வேறு ஆயிரம் விஷயம் கிடைக்கும்.

ஜான் ஸ்டாவ்ரோபுலோஸ் வடிவமைத்த எக்ஸ் கார்டை நடுவில் வைப்பது இன்னும் நல்லது. ஒரு காட்சி யாருக்காவது பிடிக்கவில்லை என்றால் காரணம் சொல்லாமல் அந்த அட்டையைத் தொடலாம். தொட்டதும் அந்தப் பகுதியை மாற்றிவிட்டு ஆட்டம் தொடரும். கசப்பான கேரக்டரை ஆடுபவரே அதைக் கொண்டுவந்து வைத்தால், மற்றவர்களுக்கு உங்கள்மேல் பாதி நம்பிக்கை அப்போதே வந்துவிடும்.

படி 4: அடுத்தவர் ஜெயிப்பதற்காகத் திட்டுங்கள்

இதில்தான் நிறையப் பயிற்சி வேண்டும். ஒருவரின் பலவீனத்தைத் திட்டினால் அவருக்குப் பதில் சொல்ல வழியில்லை. எதில் அவர் கெட்டிக்காரரோ அதைத் திட்டினால், முயற்சி பலிக்குமா என்று முடிவு செய்யும் அடுத்த டைஸ் ரோலிலேயே (பகடை உருட்டலிலேயே) உங்கள் மூக்கை உடைக்க முடியும். அந்த வாய்ப்பைத்தான் நீங்கள் அவருக்குத் தருகிறீர்கள்.

துருப்பிடித்த இரும்புக் கதவு ஒன்று வழியை அடைக்கிறது. க்ரூனா தோளைக் கொடுக்கப் போகிறாள்.

ஆல்ட்ரிக்: "இதுக்கு உடம்பு போதாதும்மா, அறிவு வேணும்."

சொன்ன கையோடு கீழ்க் கீல் இற்றுப்போயிருப்பதைக் கைத்தடியால் தட்டிக் காட்டுகிறான். விதிப்படி இது உதவி, அதாவது ஹெல்ப். அதனால் க்ரூனா இருபது முகப் பகடையை இரண்டு தடவை உருட்டிப் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளலாம். கதவு பெயர்ந்து விழுகிறது.

க்ரூனா: "உன் அறிவைக் கொஞ்சம் ஓரமா நகர்த்தி வை, நான் உள்ளே போகணும்."

மேசையே சிரிக்கும். இந்த இடத்தில் ஆல்ட்ரிக் பதில் பேசக்கூடாது. கடைசி வார்த்தை எப்போதும் மற்றவருடையது. நீங்கள் இன்னொரு பதிலடி கொடுத்தால் அவருக்குக் கொடுத்ததைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டதாக ஆகிவிடும்.

ரோல் தோற்றுவிட்டால்? க்ரூனாவைச் சீண்டவே கூடாது. தோற்ற ஆட்டக்காரர் ஏற்கெனவே கொஞ்சம் வாடியிருப்பார். திட்டைக் கதவின் பக்கம் திருப்புங்கள்: "எந்த மடையன் செஞ்ச கதவு இது!" கசப்பும் அப்படியே இருக்கும், க்ரூனாவும் தப்பித்துவிடுவாள்.

அளவு முக்கியம். நான்கு மணி நேரத்தில் பார்ட்டியின் மேல் மூன்று நான்கு குத்தல் போதும், ஒரே ஆளை அடுத்தடுத்துக் குத்தக் கூடாது. மிச்சத்தை வில்லன், வரி வசூலிப்பவன், சத்திரத்துக் கஞ்சி என்று வெளியே திருப்பிவிடுங்கள். ஒரு பிரபுவின் விருந்தில் எல்லாரும் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கும்போது அவர்கள் சொல்ல நினைத்ததை ஆல்ட்ரிக் சொல்லிவிட்டால், அன்று அவன்தான் நாயகன். சண்டையில் மற்றவர் முறையின்போது வாயை மூடிக்கொள்ளுங்கள், ஒரு சுற்று என்பது கதையில் ஆறே விநாடி.

முதல் சில செஷன்களில் படர்க்கையில் சொல்வது பாதுகாப்பு: "ஆல்ட்ரிக் மூக்கைச் சுளிச்சுக்கிட்டுச் சொல்றான்..." என்று ஆரம்பித்தால் பேசுவது நீங்களல்ல, அவன் என்பது தெளிவாகத் தெரியும். குரல் மட்டும் கேட்கும் ஆன்லைன் ஆட்டத்தில் உங்கள் சிரித்த முகம் யாருக்கும் தெரியாது. அங்கே இதை விடவே விடாதீர்கள்.

படி 5: முணுமுணுத்துக்கொண்டே முன்னால் நடங்கள்

"என் கேரக்டர் அப்படித்தான் செய்வான்" என்பதுதான் இந்த வகை ஆட்டத்தைக் கெடுக்கும் வாக்கியம். எந்த மனிதனும் ஒரு சூழ்நிலையில் ஒரே ஒரு விதமாக நடக்க மாட்டான். அவன் குணத்துக்குப் பொருந்தும் மூன்று வழிகளை மனசுக்குள் எண்ணிப் பார்த்து, கதையை நகர்த்துவதைத் தேர்ந்தெடுங்கள்.

பார்ட்டி சுரங்கத்தில் சிக்கியவர்களை மீட்கப் போகிறது. கூலி கிடையாது. ஆல்ட்ரிக் என்ன செய்வான்? மறுத்துவிட்டு சத்திரத்தில் உட்காரலாம், அது ஆட்டத்தை நிறுத்தும். கூலி கேட்டு ஊர்த் தலைவரிடம் அரை மணி நேரம் பேரம் பேசலாம், அது நேரத்தைத் தின்னும். "ஓசியில உயிர் காப்பாத்துறது கெட்ட பழக்கம். செருப்புத் தேய்மானத்தை உங்க கணக்குல எழுதுறேன்" என்று சொல்லிவிட்டு முதல் ஆளாகச் சுரங்கத்துக்குள் இறங்கலாம். மூன்றிலும் அவன் சிடுமூஞ்சிதான். மூன்றாவதில் மட்டும்தான் கதை நகர்கிறது. ஒரு வாக்கியம் எதிர்ப்பு, பிறகு நடை. இதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

படி 6: தோற்கத் தயாராக இருங்கள்

திமிர் பிடித்தவன் ஜெயித்துக்கொண்டே இருந்தால் பார்க்கச் சகிக்காது. அவனை மடக்கக்கூடிய ஒருவரைக் கதையில் வைக்கும்படி டி.எம்.மிடம் நீங்களே கேளுங்கள். அவனுக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்த கிழவி, அல்லது பழைய பாக்கிக்காக நிற்கும் சத்திரக்காரர். அவர் வந்ததும் ஆல்ட்ரிக் பெட்டிப்பாம்பாக அடங்க வேண்டும், அதை மற்ற மூவரும் கண்குளிரப் பார்க்க வேண்டும்.

விதியிலும் இதற்கு வழி இருக்கிறது. 2014 விதிகளில், குறையை நன்றாக நடித்தால் டி.எம். இன்ஸ்பிரேஷன் தரலாம். அதைச் செலவழித்து ஒரு ரோலுக்கு இரண்டு பகடை உருட்டலாம். பலருக்குத் தெரியாத விஷயம், அதை இன்னொரு ஆட்டக்காரருக்கும் கொடுத்துவிடலாம். உங்களை நன்றாக மடக்கியவருக்கே கொடுங்கள். அடுத்த வாரம் பிப்பை ஆடுபவர் உங்களை மடக்கத் தயாராக வருவார்.

படி 7: இளகுவதை மெதுவாக வையுங்கள்

மாறவே மாறாதவன் பத்தாவது செஷனில் அலுத்துவிடுவான், மூன்றாவதிலேயே திருந்தியவனிடம் சுவையே இருக்காது. நான்கைந்து செஷனுக்கு ஒரு சின்ன மாற்றம் போதும். பெயர் சொல்லாமல் "அந்த முரட்டுப் பெண்" என்றே அழைத்தவன், க்ரூனா மயங்கி விழுந்தபோது முதல்முறையாக "க்ரூனா!" என்று கத்துகிறான். யாரும் எதுவும் சொல்லாவிட்டாலும் எல்லாரும் கவனித்திருப்பார்கள். அடுத்த நாள் காலையில் வழக்கம்போலக் காப்பியைக் குறை சொல்லட்டும்.

அந்த மாற்றத்துக்குக் காரணம் மற்றொரு கேரக்டராக இருக்கட்டும். நீங்களாகவே தனியே யோசித்துத் திருந்தினால் அது உங்கள் கதை மட்டும்தான். மேரா ராத்திரி முழுக்கக் காயத்துக்குக் கட்டுப் போட்டதால் இளகினால் அது இருவரின் கதை.

எங்கே கெடும், எப்படிச் சரிசெய்வது

செல்போன் வெளியே வருவது முதல் அறிகுறி. இன்னொன்று நுட்பமானது: ஒருவரின் கேரக்டர் உங்கள் கேரக்டரிடம் பேசுவதையே நிறுத்திவிடும். "நிஜமாவா? அப்படியா செய்யப் போறே?" என்று டி.எம். இரண்டாம் முறை கேட்டால் அது கேள்வி இல்லை, எச்சரிக்கை.

டீ இடைவேளையில் கேரக்டரைக் கழற்றி வைத்துவிட்டுத் தனித்தனியாகக் கேளுங்கள்: "ஆல்ட்ரிக் எரிச்சலா இருக்கானா, இல்ல நான் எரிச்சலா இருக்கேனா?" பதில் முகத்திலேயே தெரிந்துவிடும். முதலாவது என்றால் நல்லது. இரண்டாவது என்றால் குத்தலைப் பாதியாகக் குறைத்து, அடுத்த செஷன் முழுக்க அவன் கோபத்தை வில்லன் பக்கம் திருப்புங்கள். பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும்.

இரண்டு செஷன் பார்த்தும் சரியாகவில்லை என்றால் கேரக்டரை மாற்றிவிடுங்கள். அதில் வெட்கப்பட எதுவுமில்லை. ஆல்ட்ரிக்கை டி.எம்.மிடம் கொடுத்தால் அவன் நகரத்தில் கடை போட்டு உட்காரலாம், எப்போதாவது பார்ட்டி போய்ப் பேரம் பேசிவிட்டு வரலாம். முத்தை மேராவிடம் விட்டுவிட்டுப் போகட்டும். அதற்கும் ஒரு ரசீது கேட்டு வாங்கிக்கொண்டுதான் போவான்.