பல ரகக் கம்ப்யூட்டர் உள்ள ஆபீசுக்கு நாஸ் பெட்டி வாங்குவது எப்படி?

குமுளிப் பக்கம் ஏலக்காய் வியாபாரம் செய்யும் சின்ன ஆபீஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். பில் போட இரண்டு விண்டோஸ், லேபிள் டிசைனுக்கு ஒரு மேக், உபுண்டு லினக்ஸ் போட்ட பழைய மெஷின் ஒன்று. புத்தடி ஏலக் கணக்கும் போடி ஏலக் கணக்கும் ஒரே ஆளின் கம்ப்யூட்டரில் கிடக்கும், அவர் லீவு போட்டால் எல்லோரும் கையைப் பிசைய வேண்டியதுதான். எல்லா மெஷினும் நெட்வொர்க் வழியாகச் சேர்ந்து பயன்படுத்தும் டிஸ்க் பெட்டிதான் நாஸ். அதை வாங்கப் போனால் கடையில் முதலில் எத்தனை டிபி வேண்டும் என்பார்கள். அதை அப்புறம் பார்க்கலாம்.

முதலில் எஸ்எம்பி, அதாவது நெட்வொர்க்கில் ஃபைல்களைப் பகிரும் முறை. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றும் இந்த ஒரே வழியில் பேசும். ஆப்பிளும் 2013-லேயே இதற்கு மாறிவிட்டது, அதனால் மேக்குக்குத் தனி ஏற்பாடு வேண்டாம். மேக்கில் உள்ள டைம் மெஷின் பேக்கப்பை எஸ்எம்பி வழியாக எடுக்க முடியுமா என்று மட்டும் கேளுங்கள். எஸ்எம்பி 1 மட்டுமே தெரிந்த பழைய பெட்டி எவ்வளவு மலிவாக வந்தாலும் தொடாதீர்கள், 2017-ல் வான்னாக்ரை என்ற வைரஸ் அதிலிருந்த ஓட்டை வழியாகத்தான் பரவியது.

அடுத்தது ஃபைல் பெயர். இதை யாரும் சொல்லித் தருவதில்லை. ‘போடி’ என்று விண்டோஸில் அடித்தால் ஓகாரக் குறி ஒரே எழுத்தாகப் பதிவாகும். மேக்கில் ஜிப் செய்து அனுப்பிய ஃபைலில் அதுவே இரட்டைச் சுழியும் காலும் மாதிரி இரண்டு துண்டாக வரலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், ஆனால் தேடினால் கிடைக்காது, சில சமயம் ஒரே ஃபோல்டரில் ஒரே பெயரில் இரண்டு ஃபைல் நிற்கும். மலையாளப் பெயர்களுக்கும் இதே கதி. ஆகவே வாங்கிய கையோடு எல்லா மெஷினிலிருந்தும் இப்படி ஒரு பெயரைப் போட்டு, மற்றதில் தேடிப் பாருங்கள். தேதியில் சாய்கோடு போடாதீர்கள், மேக் ஏற்கும், விண்டோஸ் ஏற்காது.

டிஸ்க் இரண்டு, ரெய்டு 1, அதாவது ஒரே டேட்டா இரண்டு டிஸ்கிலும் அப்படியே பதிவாகும் ஏற்பாடு. 4 டிபி இரண்டு போட்டால் 4 டிபி கிடைக்கும், பில்லுக்கும் லேபிளுக்கும் தாராளம். சிஎம்ஆர் டிஸ்க்தானா என்று கேட்டு வாங்குங்கள், தடங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி எழுதும் எஸ்எம்ஆர் டிஸ்க், கெட்ட டிஸ்கை மாற்றி ரெய்டைத் திரும்பக் கட்டும்போது இழுத்தடிக்கும். கணக்கு எழுதும் டேலி சாஃப்ட்வேரின் டேட்டா விண்டோஸ் மெஷினிலேயே இருக்கட்டும், அதன் பேக்கப் மட்டும் நாஸுக்குப் போகட்டும்.

ரெய்டு இருக்கிறதே, பேக்கப் எதற்கு என்று இருந்துவிடாதீர்கள். தெரியாமல் அழித்தால் இரண்டு டிஸ்கிலும் சேர்ந்தே அழியும். ஃபைல்களின் முந்தைய நிலையைப் பதிந்து வைத்து மீட்டுத் தரும் ஸ்னாப்ஷாட் வசதி உள்ள பெட்டியாகப் பாருங்கள், வாரம் ஒருமுறை யூஎஸ்பி டிஸ்கில் காப்பி எடுத்து, மலையடிவாரக் கம்பம் ஊருக்கு இறங்கும் யாரிடமாவது வீட்டில் வைக்கக் கொடுத்துவிடுங்கள். வீட்டிலிருந்து பார்க்க வேண்டுமென்று பெட்டியை இன்டர்நெட்டுக்கு நேராகத் திறந்துவிடவே கூடாது. 2022-ல் டெட்போல்ட் என்ற வைரஸ் அப்படித் திறந்து கிடந்த கியூநாப் கம்பெனி நாஸ் பெட்டிகளுக்குள் புகுந்து ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்டது.

அப்புறம் துலா மாத (ஐப்பசி) இடி. மத்தியானத்துக்கு மேல் மலையில் அது எப்படி இறங்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். யூஎஸ்பி போர்ட் உள்ள யூபிஎஸ் வாங்கி நாஸோடு இணையுங்கள், பேட்டரி தீரும் முன் பெட்டி தானாக ஒழுங்காக அணையும். மாட்டிய அன்றே யூபிஎஸ்ஸின் பிளக்கைப் பிடுங்கி, அணைகிறதா என்று பார்த்துவிடுங்கள்.