மருத்துவச் சலுகைகளைத் தொழிலாளர்களிடம் கொண்டுசேர்ப்பது: டர்பன் தொழிற்கூடங்களுக்கு

பரிசோதனை நாள் என்று நோட்டீஸ் ஒட்டினால் ஆபீஸில் இருப்பவர்கள் வருவார்கள், மெஷினில் நிற்பவர்கள் வரமாட்டார்கள். அது சோம்பல் அல்ல. சர்க்கரை இருப்பது மேலிடத்துக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்ற பயம். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவருக்கு அந்தப் பயம் இரட்டிப்பு. அதனால் நோட்டீஸின் முதல் வரி இலவசத்தைப் பற்றியோ பரிசைப் பற்றியோ இருக்கக் கூடாது. இப்படி இருக்கட்டும்: "உங்கள் முடிவு நர்ஸுக்கும் உங்களுக்கும் மட்டும். சூப்பர்வைசருக்குப் போகாது. வராதவர் பெயரும் எழுதப்படாது."

எழுதியபடி நடக்கவும் வேண்டும். தென்னாப்பிரிக்காவின் 1998-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டம், காரணமில்லாமல் தொழிலாளரை மருத்துவச் சோதனைக்கு உட்படுத்துவதைத் தடுக்கிறது. எச்.ஐ.வி. சோதனையைக் கட்டாயமாக்க லேபர் கோர்ட்டின் அனுமதி வேண்டும். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான பாப்பியாவைப் பொறுத்தவரை, உடல்நலத் தகவல் தனிப் பாதுகாப்பு பெற்ற தகவல். 2021 ஜூலை 1 முதல் நிறுவனங்கள் அதைக் கட்டாயம் கடைப்பிடிக்க வேண்டும். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநரின் தகுதிச் சான்றுக்கான சோதனை வேறு, இந்த நலச் சோதனை வேறு. இரண்டையும் ஒரே நாளில், ஒரே மேசையில் வைத்தால் நீங்கள் என்ன சொன்னாலும் யாரும் நம்பமாட்டார்கள்.

"வெறும் வயிற்றோடு வாருங்கள்" என்ற வரி இரவு ஷிஃப்ட்காரருக்குப் பொருந்தாது. இரவு இரண்டு மணிக்கு டிஃபன் டப்பாவைத் திறந்தவர் காலை ஆறு மணிக்கு வரிசையில் நின்றால், எட்டு மணி நேரப் பட்டினிக் கணக்கு தப்பிவிடும். அவர்களுக்கு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. சோதனை நல்லது. முடிவுச் சீட்டில் ரத்தச் சர்க்கரை எண்ணை இரண்டு அளவிலும் எழுதுங்கள். இங்கே மீட்டர் மில்லிமோலில் காட்டும், இந்தியாவிலிருந்து சித்தப்பா வாட்ஸ்அப்பில் சொல்வது மில்லிகிராமில் இருக்கும். 18-ஆல் பெருக்கினால் கணக்கு சரியாகும்: வெறும் வயிற்றில் 7.0 என்பது 126. அந்த அளவைத் தொட்டால் நீரிழிவு என்று சந்தேகிக்க வேண்டும். விரல் குத்திப் பார்த்ததே முடிவல்ல, லேப் சோதனை தேவை என்பதையும் அந்தச் சீட்டிலேயே சேர்த்துவிடுங்கள். பலர் அங்கேயே பயந்துபோய்த் திரும்ப வருவதில்லை.

செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை புரட்டாசி. சோதனை நாளில் பிராய் (இறைச்சி சுட்டுப் பரிமாறும் விருந்து) போட்டு ஆள் சேர்க்க நினைத்தால், விரதம் இருக்கும் தமிழ்க் குடும்பத்தார் ஒதுங்கிப் போவார்கள்.

சலுகைகளை ஒரே கூட்டத்தில் சொல்லித் தீர்க்காதீர்கள். ஷிஃப்ட் தொடங்கும்போது பத்து நிமிடம், ஒரு முறைக்கு ஒரே ஒரு விஷயம். வேலைத்தளத்தில் ஆங்கிலமும் ஜூலுவும் போதும். ஆனால் மாத்திரை டப்பாவுக்குப் பொறுப்பு பல வீடுகளில் ஆயாதான் (பாட்டி), அதனால் ஒரு பக்கத் தாள் வீட்டுக்கும் போகட்டும். வீடியோ அனுப்பினால் டேட்டா தின்னும். ஒரு நிமிடக் குரல் பதிவு போதும்.

எதை எப்போது சொல்வது? ஆள் வேலைக்குச் சேரும் வாரத்தில், பழைய மெடிக்கல் எய்டின் (மருத்துவக் காப்புத் திட்டத்தின்) உறுப்பினர் சான்றைக் கேளுங்கள். வேலை மாறியதால் 90 நாளுக்குள் புதிய திட்டத்தில் சேர்ந்தால் காத்திருப்புக் காலம் கிடையாது. தள்ளிப்போட்டால் பொதுவான மூன்று மாதமும், ஏற்கெனவே உள்ள நோய்க்கு 12 மாதமும் காத்திருக்க நேரலாம். 35 வயதுக்கு மேல் காப்பில்லாமல் கழித்த ஆண்டுகளுக்குச் சந்தாவில் அபராதம் ஏறும்: 1 முதல் 4 ஆண்டு வரை 5 சதவீதம், 5 முதல் 14 வரை 25 சதவீதம்.

ஜனவரியில் மெடிக்கல் எய்டின் சேமிப்புக் கணக்கைப் பற்றி, அதாவது அன்றாட மருத்துவச் செலவுக்குச் சந்தாவிலிருந்து ஒதுக்கும் பணத்தைப் பற்றிச் சொல்லுங்கள். முழு ஆண்டுத் தொகையும் கணக்கில் முன்கூட்டியே கிடைப்பதால், கண்ணாடிக்கும் பல்லுக்கும் ஏப்ரலுக்குள் கரைந்துவிடும். நடுவில் வேலையை விட்டால், கட்டியதற்கு மேல் செலவழித்ததைத் திருப்பித் தர வேண்டும். சண்டை வருவது பெரும்பாலும் இங்கேதான். அக்டோபர், நவம்பரில் திட்டத்தை மாற்றுவது பற்றிப் பேசுங்கள். பொதுவாக மாற்றம் ஜனவரி 1-இல்தான் நடைமுறைக்கு வரும்.

எல்லாவற்றையும்விட அதிகம் தவறவிடப்படுவது க்ரானிக் பதிவு, அதாவது நீண்டகால நோயைத் திட்டத்தில் பதிவு செய்வது. சர்க்கரை, ரத்த அழுத்தம், ஆஸ்துமா எல்லாம் எந்தத் திட்டமும் தந்தாக வேண்டிய குறைந்தபட்சக் காப்பில் அடங்கும். டாக்டர் படிவம் நிரப்பிப் பதிவு செய்யாவிட்டால் மாத்திரைக் காசு சேமிப்புக் கணக்கிலிருந்தே போகும். பதிவு செய்தபின்னும், திட்டம் குறிப்பிட்ட ஃபார்மசியை விட்டு வேறு இடத்தில் வாங்கினால் கைக்காசு போடவேண்டி வரலாம்.

நோய் விடுப்பை நாள் கணக்கில் சொல்லுங்கள், சட்டப் பிரிவில் அல்ல. வாரம் ஐந்து நாள் வேலை என்றால் மூன்று ஆண்டுக்கு 30 நாள், ஆறு நாள் என்றால் 36. சேர்ந்த முதல் ஆறு மாதம் 26 நாள் உழைப்புக்கு ஒரு நாள். தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் வராவிட்டாலோ, எட்டு வாரத்தில் இரண்டு தடவைக்கு மேல் வராவிட்டாலோ டாக்டர் சீட்டு கேட்கலாம். தொழில்துறைக்குத் தனி ஒப்பந்தம் இருந்தால் அதில் உள்ள கணக்கையே எழுதுங்கள்.

பலனை அளக்க, சோதனைக்கு வந்தவர் தலையை எண்ணாதீர்கள். க்ரானிக் பதிவு எத்தனை கூடியது என்று திட்டத்திடம் மொத்த எண்ணாக மட்டும் கேளுங்கள். நாலு பேர் உள்ள பிரிவுக்குத் தனிக் கணக்கு போட்டால், பெயர் இல்லாவிட்டாலும் ஆள் யாரென்று மதியத்துக்குள் தெரிந்துவிடும்.