பூட்டிய வீட்டில் பட்டும் கம்பளியும் அரிபடாமல் காப்பது எப்படி

செட்டிநாட்டு வீடுகளில் துணி அரிபடுவதற்குப் பெரிய காரணம், அவ்வீடுகளில் பலவும் ஆண்டின் பெரும்பகுதி பூட்டிக் கிடப்பதேயாகும். கல்யாணத்துக்கும் பொங்கலுக்கும் மட்டுமே திறக்கப்படும் அலமாரியின் இருட்டு அந்துப்பூச்சிக்கு மிகவும் உகந்தது. விளக்கைச் சுற்றிப் பறக்கும் பூச்சி இதுவன்று; மங்கிய பொன்னிறத்தில் அரை அங்குலம்கூட இல்லாத இது, வெளிச்சம் பட்டதும் மடிப்புக்குள் ஓடி ஒளிந்துகொள்ளும். வளர்ந்த அந்து எதையும் தின்பதில்லை. அதன் முட்டையிலிருந்து வரும் புழுவே பட்டையும் கம்பளியையும் தின்கிறது. பருத்தியை அது பொதுவாகத் தொடாது என்பதால், கண்டாங்கிச் சேலை அரிபட்டிருந்தால் கஞ்சிப் பசையைத் தேடி வரும் இராமபாணப் பூச்சியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். நெடுநாள் வைக்கவிருக்கும் கண்டாங்கிக்குக் கஞ்சி போடாமலிருப்பது நல்லது.

வியர்வையும் உணவுக் கறையும் படிந்த இடத்தையே புழு விரும்பித் தின்னும். ஆகவே கூறைச்சேலையின் முந்தியில் சிந்திய பாயசம், ரவிக்கையின் அக்குள், சால்வையின் கழுத்தோரம் ஆகியவற்றைப் பார்த்துச் சுத்தம் செய்து, ஈரமில்லாமல் உலர்த்திய பின்னரே உள்ளே வைக்க வேண்டும். ஒருமுறைதானே உடுத்தினோம் என்று அப்படியே மடித்து வைப்பதுதான் பட்டுக்கு நாம் செய்யும் பெருங்கேடு.

அலமாரியை முழுவதும் காலி செய்து, பலகை இடுக்குகளைத் தூரிகையால் சுரண்டித் துடைக்க வேண்டும். நூலாம்படை போன்ற மெல்லிய கூடும், துணியின் நிறத்திலேயே மணல் மணலாக எச்சமும் தென்பட்டால் புழு இருக்கிறது என்று பொருள். அத்துணியைப் பிளாஸ்டிக் பையிலிட்டு, காற்றை வெளியேற்றிக் கட்டி, −18 டிகிரி குளிருள்ள ஃப்ரீசரில் ஒரு வாரமாவது வைத்தால் முட்டையும் சேர்த்து அழியும். வெளியே எடுத்ததும் பையைப் பிரித்துவிடக் கூடாது; குளிர் முழுவதும் தணிவதற்குள் பிரித்தால் துணியில் நீர் கோத்துக்கொள்ளும்.

பாச்சை உருண்டையின் ஆவி, இறுக மூடிய பெட்டிக்குள்தான் வேலை செய்யும். கதவிடுக்கு விட்ட பழைய தேக்கு அலமாரியில் போட்டால் அறைதான் நாறும். அது பட்டிலும் சரிகையிலும் நேரே படாதபடி துணியில் முடிந்து வைக்க வேண்டும். கைக்குழந்தைகளின் துணியோடு அதை ஒருபோதும் வைக்காதீர்கள். ஜி6பிடி என்னும் நொதி பிறவியிலேயே குறைந்த குழந்தைகளுக்கு அது இரத்தச் சிவப்பணுக்களையே சிதைத்துவிடும். வசம்பும் உலர்ந்த வேப்பிலையும் பூச்சியை ஓரளவு விலக்கக்கூடும், ஆனால் உள்ளேயிருக்கும் முட்டையை அழிக்கமாட்டா.

சுத்தமான பட்டைத் துவைத்த பழைய வேட்டியில் சுற்றி வையுங்கள். ஊரில் வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் சாவியைக் கொடுத்து, இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது அலமாரியைத் திறக்கச் சொல்லுங்கள். கம்பளியை வெயிலில் உதறிப் போடலாம். பட்டை மட்டும் வளவுப் பத்தியின் (உள்முற்றத்தைச் சுற்றியுள்ள தாழ்வாரத்தின்) நிழலில் விரித்து ஆறவிட்டு, பழைய மடிப்பிலேயே இழை விட்டுப்போகாதபடி மடிப்பை மாற்றி வைக்க வேண்டும்.