கண்ணில் ஊசி: எங்கே தப்பு நடக்கிறது?

பெங்களூரில் அல்சூர், சிவாஜிநகர் பக்கத்துத் தமிழ் வீடுகளில் 'அம்மாவுக்குக் கண்ணில் ஊசி' என்பது இப்போது சகஜமாகிவிட்டது. சர்க்கரையால் விழித்திரையில் நீர் கோத்திருக்கும். அதை வற்றவைக்கும் மருந்தை ஊசியில் போட மாதாமாதம் வரச் சொல்லியிருப்பார்கள். எல்லோருக்கும் பயம் ஊசி மேல்தான். அதுவோ 30 கேஜ், மெல்லிசு. உள்ளே போகும் மருந்து வெறும் 0.05 மில்லி. ஆளைக் கவிழ்ப்பது கிருமி. ஊசியோடு அது உள்ளே போய்விட்டால் பார்வையே போகலாம். ஆயிரக்கணக்கில் போட்டால் எங்கோ ஒருவருக்குத்தான் இப்படி ஆகும், ஆனாலும் தவறுகளில் முக்கால்வாசி இதைச் சுற்றித்தான்.

முதலில் கிருமியைக் கொல்லும் அயோடின். இமையை மட்டும் துடைத்தால் போதாது. 5 சதவீத போவிடோன் அயோடினைக் கண்ணுக்குள்ளும் விட்டு, குறைந்தது அரை நிமிடம் காத்திருக்க வேண்டும். கூட்டமான நாளில் முதலில் அடிபடுவது இந்த அரை நிமிடம்தான். மரத்துப்போக ஜெல் தடவி, அதன் மேல் அயோடின் விடுவது இன்னொரு தப்பு. ஜெல் மூடிக்கொண்டால் அயோடின் கிருமியை எட்டாது; ஜெல்லுக்கு முன்பே ஒரு தரம் விட்டாக வேண்டும். எரிகிறது, வேண்டாம் என்று மல்லுக்கட்டாதீர்கள். நிஜமாகவே ஒத்துக்கொள்ளாது என்றால் குளோர்ஹெக்சிடின் என்ற வேறு கிருமிநாசினி இருக்கிறது, முன்கூட்டியே சொல்லுங்கள்.

அடுத்தது பேச்சு. வாய்க் கிருமி கண்ணுக்குள் போனால் ரொம்பப் பொல்லாதது. "டாக்டர், முடிஞ்சுதா?" என்று படுத்தபடியே கேட்பவர்களும் உண்டு, நர்ஸிடம் ஊர்க்கதை பேசும் டாக்டர்களும் உண்டு. மாஸ்க் இருந்தாலும் அந்த நேரத்துக்கு எல்லோரும் வாயை மூடிக்கொள்வது நல்லது.

குத்தும் இடம் கருவிழி விளிம்பிலிருந்து 3.5 முதல் 4 மில்லிமீட்டர் தள்ளி. புரை ஆபரேஷன் ஆனவர்களுக்கு 3.5, ஆகாதவர்களுக்கு 4. காலிபர் வைத்து அளக்காமல் குத்துமதிப்பாகப் போட்டால் லென்ஸிலோ விழித்திரையிலோ பட்டுவிடலாம். இமை விரிப்பானும் தேவை. இமைமுடி ஊசியில் படக்கூடாது. சிரிஞ்சை விரலால் சுண்டிக் காற்றுக் குமிழ் எடுக்கும் பழக்கத்தையும் விட வேண்டும். உள்ளே பூசியிருக்கும் சிலிகான் எண்ணெய் கழன்று துளிகளாகக் கண்ணில் மிதக்கும்.

இங்கே சம்மதப் படிவம் பெரும்பாலும் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோதான் இருக்கும். படிக்கத் தெரியாத பெரியவர்கள் சரி சரி என்று கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். எந்தக் கண் என்று விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள், நெற்றியில் குறி போட்டிருக்கிறதா பாருங்கள். சமீபத்தில் மாரடைப்போ பக்கவாதமோ வந்திருந்தால், கண்ணில் பீளை கட்டியிருந்தால் மறைக்கக்கூடாது.

அப்புறம் வீட்டில். வெள்ளை விழியில் ரத்தத் திட்டு, அன்று மாலை மணல் விழுந்த மாதிரி உறுத்தல், ஓரிரு நாள் மிதக்கும் கறுப்புக் குமிழ் இதெல்லாம் தானே போய்விடும். இதற்குப் பதறுகிறவர்கள், மூன்றாம் நாள் வலி கூடிப் பார்வை மங்கும்போது 'ஊசி போட்ட வலிதான்' என்று அடுத்த செக்கப் வரை காத்திருக்கிறார்கள். அது அன்றைக்கே ஓட வேண்டிய விஷயம். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் யாரைக் கூப்பிடுவது என்று, ஊசி போட்டுக் கிளம்பும்போதே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.