ஏஜென்ட் மீது கொலைப்பழி: ஸ்பை த்ரில்லர் ஸ்கிரிப்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செய்யாத கொலைக்காக ஓர் ஏஜென்ட்டை அவன் துறையே தேடுகிறது. அவனோ உண்மையான கொலையாளியைத் தேடுகிறான். ஒன்லைனாகச் சொன்னால் எந்தத் தயாரிப்பாளரும் நிமிர்ந்து உட்காரும் கதை. அதனால்தான் முதல் ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்கள் இதை அடிக்கடி கையில் எடுக்கிறார்கள். 120 பக்கம் எழுதி முடித்துக் கொண்டுவந்தால், சறுக்கியிருக்கும் இடங்கள் எல்லோருக்கும் ஒன்றேதான். இந்த வகைக் கதையில் பல காலம் புழங்கியவர்கள் அத்தனை பேரும் தொடக்கத்தில் விழுந்து எழுந்த இடங்களும் அவைதாம்.

நெஞ்சில் சிவப்புப் புள்ளி, சத்தமே வராத சைலன்சர், விரல் பட்டதும் திறக்கும் ரகசிய கம்ப்யூட்டர் போன்றவற்றை இங்கே விட்டுவிடலாம். டிஸ்கஷனில் யாராவது ஒருவர் சொல்லித் திருத்திவிடுவார். யார் கண்ணிலும் படாமல் தியேட்டர் வரை வந்துவிடும் தவறுகள் வேறு.

பழி முழுவதும் ஒரே துப்பாக்கியில் தொங்குவது

பழி விழும் காட்சி பெரும்பாலான ஸ்கிரிப்டுகளில் இப்படித்தான் இருக்கிறது. அமைச்சரோ விஞ்ஞானியோ சுடப்பட்டு விழுகிறார். பக்கத்தில் கிடக்கும் துப்பாக்கியில் நாயகனின் கைரேகை. அடுத்த சீனில் தலைமை அதிகாரி மேசையைத் தட்டி, "அவன்தான், பிடிங்க" என்கிறார். அதற்கடுத்த சீனில் நாயகன் மொட்டை மாடிகளில் ஓடுகிறான். எழுதுகிறவருக்குத் துரத்தல் மேல்தான் ஆசை. பழியை இரண்டு பக்கத்தில் முடித்துவிடுகிறார்.

இருபது வருடம் கூட வேலை செய்தவனை ஒரே ஒரு கைரேகையைப் பார்த்துத் துறை கைகழுவிவிடுமா? பார்வையாளருக்கு அங்கேயே உறுத்திவிடும். சொரசொரப்பான துப்பாக்கிப் பிடியில் தெளிவான ரேகை கிடைப்பதே அரிது என்பது தெரிந்தவருக்கு இன்னும் கூடுதலாக உறுத்தும். அதன்பின் அந்தத் துறையில் யாரையும் அவர் மதிக்கமாட்டார். மதிப்பில்லாதவர்கள் துரத்தினால் பயம் எங்கிருந்து வரும்? துரத்தலுக்குக் கொட்டிய பணம் தண்ணீரில் போட்டதுதான்.

நிஜத்தில் ஓர் அதிகாரி மேல் சந்தேகம் எப்படி வளர்கிறது என்று தெரிய, பிரையன் கெல்லிக்கு நடந்ததைப் படிக்க வேண்டும். கெல்லி அமெரிக்காவின் சிஐஏ அதிகாரி. 1990களின் கடைசியில், ரஷ்யர்களுக்கு ரகசியம் விற்கும் துரோகி அவர்தான் என்று உள்நாட்டுப் புலனாய்வுத் துறையான எஃப்பிஐ முடிவுகட்டியது. அவர் வீட்டை ரகசியமாகச் சோதனை போட்டபோது, கையால் வரைந்து நேரங்கள் குறித்த ஒரு வரைபடம் சிக்கியது. ரகசியப் பொட்டலங்களைப் பதுக்கும் இடங்கள் என்று எடுத்துக்கொண்டார்கள். அது அவர் ஓட்டப்பயிற்சி போகும் பாதை. பொய் கண்டறியும் சோதனை வைத்தார்கள், தேறினார். கருவியையே ஏமாற்றத் தெரிந்தவர் என்று எழுதிக்கொண்டார்கள். பிறகு ஒருநாள், வெளிநாட்டு உச்சரிப்போடு பேசும் ஒருவனை அவர் வீட்டுக் கதவைத் தட்டவைத்து, "உங்களைக் கண்டுபிடித்துவிட்டார்கள், தப்பிக்க வழி இருக்கிறது" என்று சொல்லவைத்தார்கள். துரோகியாக இருந்தால் ஓடுவார் என்பது கணக்கு. கெல்லியோ மறுநாளே அலுவலகத்தில் போய் விஷயத்தைச் சொல்லிவிட்டார். எவ்வளவு கெட்டிக்காரத் துரோகி என்று அதையும் அவருக்கு எதிராகவே வைத்துக்கொண்டார்கள்.

1999இல் அவரை விசாரித்து விடுப்பில் அனுப்பினார்கள். ஒன்றரை வருடத்துக்கு மேல் வேலைக்குத் திரும்ப முடியவில்லை. குடும்பத்தாரையும் விட்டுவைக்கவில்லை. கடைசியில் சோவியத் உளவுத்துறையான கேஜிபியின் முன்னாள் ஆள் ஒருவரிடமிருந்து 70 லட்சம் டாலர் கொடுத்து ஒரு கோப்பை வாங்கினார்கள். அதோடு ஓர் ஒலிநாடாவும் வந்தது. கெல்லியின் குரலை எதிர்பார்த்து உட்கார்ந்தவர்களுக்குக் கேட்டது தங்கள் சொந்த எஃப்பிஐ அதிகாரி ராபர்ட் ஹான்சனின் குரல். கோப்போடு வந்த குப்பைப் பையிலும் ஹான்சனின் ரேகை. 2001 பிப்ரவரி 18 அன்று வர்ஜீனியாவில் ஒரு பூங்காவில் பொட்டலம் வைத்துவிட்டுத் திரும்பும்போது ஹான்சன் பிடிபட்டார்.

இதில் கெல்லிக்கு எதிராக யாரும் பொய்ச்சாட்சி தயாரிக்கவில்லை. வரைபடம் நிஜம், சோதனை முடிவு நிஜம், அவர் புகார் சொன்னதும் நிஜம். விசாரித்தவர்கள் முடிவை முதலில் எடுத்துவிட்டார்கள். அதன்பின் நிரபராதி செய்யும் ஒவ்வொரு காரியமும் குற்றவாளியின் தந்திரமாகத் தெரிந்தது. உங்கள் கதையில் பழி இப்படி வேலை செய்ய வேண்டும். நாயகன் ஒளிந்தால் சந்தேகம் கூட வேண்டும், நேர்மையாக நடந்தாலும் கூட வேண்டும்.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. சீன் ஆர்டர் போடுவதற்கு முன்பே ஒரு பெரிய தாளில் மூன்று பத்தி பிரியுங்கள். முதல் பத்தியில் நிஜத்தில் நடந்தது, நிமிடக் கணக்கோடு. இரண்டாவதில் விசாரணை அதிகாரியின் மேசைக்கு வந்து சேர்ந்தது, யார் மூலம், எத்தனை மணிக்கு என்ற குறிப்போடு. மூன்றாவதில் அந்த நேரத்தில் நாயகனுக்குத் தெரிந்தது. இரண்டாவது பத்தியை மட்டும் தனியே எடுத்து, கதை தெரியாத ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். "இவன்தான் செய்திருக்கிறான்" என்று அவர் சொல்ல வேண்டும். தயங்கினால் பழி இன்னும் தயாராகவில்லை.

அந்தப் பத்தியில் குறைந்தது மூன்று சாட்சியங்கள் இருக்கட்டும். மூன்றும் ஒருவரை ஒருவர் அறியாத மூன்று இடங்களிலிருந்து, வெவ்வேறு நேரத்தில் வர வேண்டும். ஒன்று இடத்தைச் சொல்லட்டும்: கேமரா பதிவு, டோல்கேட் பதிவு. ஒன்று காரணத்தைச் சொல்லட்டும். 1996இல் வந்த முதல் மிஷன் இம்பாஸிபிள் படத்தில் நாயகனின் குடும்பக் கணக்கில் பணம் ஏறியிருக்கும். குழுவே செத்துக் கிடக்க இவன் மட்டும் உயிரோடு திரும்பியிருப்பான். இரண்டும் சேர்ந்தால் மேலதிகாரியின் சந்தேகம் நமக்கே நியாயமாகப் படுகிறது. மூன்றாவது சாட்சியத்தை நாயகன் தானே, நல்லெண்ணத்தோடு உருவாக்க வேண்டும். அழிக்கக் கூடாத ஒரு மெசேஜை அழிக்கலாம், ஒரு நண்பரைக் காப்பாற்றப் பொய் சொல்லலாம். மூன்றில் அதிகம் வலிப்பதும் நினைவில் நிற்பதும் இதுதான்.

அடுத்து ஒரு கேள்வி. பழியை வில்லன் திட்டமிட்டுப் போடுகிறானா, தற்செயலாக விழுகிறதா? ஹிட்ச்காக்கின் நார்த் பை நார்த்வெஸ்ட் (1959) படத்தில் ஐ.நா. கட்டடத்துக்குள் ஒருவர் முதுகில் கத்தி பாய்ந்து சரிகிறார். நாயகன் பதற்றத்தில் கத்தியைப் பிடுங்குகிறான். அந்த நொடியில் ஒரு புகைப்படக்காரர் படம் எடுத்துவிடுகிறார். முழுக்கத் தற்செயல், யாரும் விளக்கம் கேட்பதில்லை. திட்டமிட்ட பழியாக இருந்தால் மட்டும் பார்வையாளர் ஒன்று கேட்பார்: இவ்வளவு பாடுபடுவதற்கு அவனைக் கொன்றிருக்கலாமே? "குற்றவாளி இவன்தான்" என்று கோப்பை மூடிவிட்டால் உண்மையான துரோகியை அதற்குமேல் யாரும் தேடமாட்டார்கள் என்பது நல்ல பதில். வேறு பதில்களும் இருக்கலாம். ஒரு பதிலாவது உங்கள் தாளில் எழுதியிருக்க வேண்டும்.

இந்த வேலையைத் தள்ளிப்போட்டால் செலவு பின்னால் வரும். ஓட்டை எடிட்டிங்கில்தான் தெரியவரும். அதற்குள் செட் கலைந்திருக்கும், நடிகர் அடுத்த படத்துக்குத் தாடி வளர்த்திருப்பார். பேட்ச் ஒர்க்குக்கு கால்ஷீட் கெஞ்ச வேண்டும். அது கிடைக்காவிட்டால், முதுகு தெரியும் ஷாட்டில் டப்பிங் வசனம் ஒட்ட வேண்டும். அதுவும் போதாமல் கிளைமாக்ஸில் வில்லன் நாற்காலியில் உட்கார்ந்து, "அன்னைக்கு நீ காபி குடிச்ச கப் ஞாபகம் இருக்கா?" என்று ஆரம்பிப்பார். துப்பாக்கியைத் தூக்கிப் பிடித்தபடி நாயகன் நான்கு நிமிடம் கேட்டுக்கொண்டு நிற்பான். படத்தின் மொத்த வேகமும் அங்கே படுத்துவிடும். இத்தனைக்கும் ஒரு தாளும் ஒரு வாரமும் செலவழித்திருந்தால் போதும் என்பதுதான் தாங்க முடியாதது.

விளக்கம் தவிர்க்கவே முடியாது என்றால், மேலே சொன்ன 1996 படத்தில் ஒரு வழி இருக்கிறது. துரோகி ஒரு கதையை வாயால் சொல்லிக்கொண்டிருப்பான். நாயகன் அதற்குத் தலையாட்டுவான். அவன் மனதில் ஓடும் காட்சிகளோ வேறொன்றைக் காட்டும். பார்வையாளருக்கு உண்மை தெரிந்துவிடுகிறது, யாரும் பாடம் நடத்தவில்லை.

துரத்துகிறவர் முட்டாளாக இருப்பது

நாயகனைக் கெட்டிக்காரனாகக் காட்டத் துரத்தும் அதிகாரியை மந்தமாக்குவது எளிது. பலன் நேர்மாறாக இருக்கும். தி ஃபியூஜிடிவ் (1993) படத்தில் தப்பி ஓடிய கைதியைத் துரத்தும் மார்ஷல் அதிகாரிக்கு, ஓடுகிறவன் குற்றவாளியா நிரபராதியா என்பது தொடக்கத்தில் ஒரு பொருட்டே இல்லை. பிடிப்பது அவர் வேலை. அதை ஒழுங்காகச் செய்யப்போய்த்தான் வழக்கில் இருக்கும் முரண் அவருக்கே தென்படுகிறது. அந்த வேடத்துக்காக டாமி லீ ஜோன்ஸ் ஆஸ்கர் வாங்கினார்.

நடைமுறையில் ஒரு கணக்கு உதவும். ஒவ்வொரு துரத்தல் காட்சியின் முடிவிலும் அதிகாரி நாயகனுக்கு எத்தனை மணி நேரம் பின்னால் இருக்கிறார் என்று ஓரத்தில் எழுதுங்கள். 12 மணி, 5 மணி, 40 நிமிடம், ஒரே கட்டடம். இந்த எண் இரண்டு சீனுக்கு மேல் குறையாமல் நின்றால் அங்கே கதை தேங்குகிறது.

யாருக்கு என்ன அதிகாரம் என்று பார்க்காமல் எழுதுவது

ரா அதிகாரி சென்னையில் அடையாள அட்டையை நீட்டி ஆளைக் கைது செய்வது போன்ற காட்சி இன்னும் வந்துகொண்டிருக்கிறது. 1968இல் தொடங்கப்பட்ட ரா, வெளிநாட்டு உளவுக்கானது. கைது செய்யும் அதிகாரம் அதற்கும் கிடையாது, உள்நாட்டு உளவைப் பார்க்கும் ஐபிக்கும் கிடையாது. தகவல் அவர்களிடமிருந்து வரலாம். விலங்கு மாட்டுவது போலீஸ், அல்லது 2008ஆம் ஆண்டுச் சட்டத்தில் உருவான தேசியப் புலனாய்வு முகமை (என்ஐஏ). கதை தமிழ்நாட்டில் நடந்தால் கியூ பிரிவு போலீசுக்கு இடமுண்டு. இந்த எல்லைகளைச் சுமையாக நினைக்க வேண்டாம். ஒரு துறைக்குத் தெரிந்தது இன்னொரு துறைக்கு மூன்று மணி நேரம் தாமதமாகப் போனால், நாயகன் தப்பிக்க அந்த இடைவெளி போதும், அதிகாரிகளை முட்டாளாக்க வேண்டியதில்லை.

இன்டர்போல் விஷயமும் இப்படித்தான். அது ஆளைப் பிடிக்க வண்டியில் வராது. ரெட் நோட்டீஸ் என்பது உறுப்பு நாடுகளின் போலீசுக்குப் போகும் வேண்டுகோள். அதை வைத்துக் கைது செய்யலாமா என்று அந்தந்த நாட்டுச் சட்டம்தான் சொல்லும். இந்திய விமான நிலையத்தில் நாயகனை நிறுத்த வேண்டுமென்றால், குடியேற்றத் துறைக்குப் போகும் லுக்அவுட் சர்குலர் போதும். குடியேற்றக் கவுன்டரில் பாஸ்போர்ட்டைத் தேய்த்ததும் திரையில் வந்துவிடும்.

கொலையாளிக்கு வேலைமுறை இல்லாதது

கறுப்புக் கோட்டு, கண்ணில் ஒரு தழும்பு, பேச்சு கிடையாது. இதோடு பாத்திரம் முடிந்துவிடுகிறது. அவன் எங்கே தங்கினான், யார் பெயரில் அறை எடுத்தான், எப்படி வெளியேறினான் என்று எழுதாவிட்டால் நாயகன் எதைப் பிடித்துக்கொண்டு போவான்? கடைசியில் ஒரு ஹேக்கர் நண்பன் முகவரியைத் தட்டிக் கொடுப்பான்.

துபாயில் 2010 ஜனவரி 19 அன்று ஹமாஸ் தலைவர்களில் ஒருவரான மஹ்மூத் அல்-மப்ஹூ ஹோட்டல் அறையில் கொல்லப்பட்டார். டென்னிஸ் மட்டையோடு இரண்டு பேர் அவர் கூடவே லிஃப்டில் ஏறி, அறை எண்ணைப் பார்த்துக்கொண்டார்கள். எதிர் அறையைக் கொலைக் குழு எடுத்துக்கொண்டது. வேலை முடிந்த சில மணி நேரத்தில் நாட்டைவிட்டே போய்விட்டார்கள். ஆனால் துபாய் போலீஸ் விமான நிலையம், ஹோட்டல், கடைவளாகக் கேமராப் பதிவுகளைக் கோத்து, முதல் கட்டமாக 11 பேரின் படத்தை உலகத்துக்குக் காட்டியது. பாஸ்போர்ட்டுகள் போலி. அதில் இருந்த பெயர்கள் பலவும் உயிரோடு இருக்கும் நிஜ மனிதர்களுடையவை. லண்டனில் 2006 நவம்பரில் முன்னாள் ரஷ்ய உளவு அதிகாரி லிட்வினென்கோவுக்குத் தேநீரில் பொலோனியம் என்ற கதிரியக்க நஞ்சைக் கொடுத்தவர்கள் போன ஹோட்டல், உணவகம், விமான இருக்கை வரை கதிரியக்கத் தடம் இருந்தது. கொலைக்கருவியே வழிகாட்டியானது.

ஆகவே ஆயுதத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே அது விட்டுச்செல்லும் தடத்தையும் தேர்ந்தெடுங்கள். தொலைதூரத் துப்பாக்கி என்றால் கணக்கு இருக்கிறது. 800 மீட்டரில் குண்டு வந்து சேர ஒரு விநாடிக்கு மேல் ஆகும், வெடிச்சத்தம் வந்து சேர இரண்டு விநாடிக்கு மேல். ஆள் விழுந்த பிறகுதான் வெடிச்சத்தம் கேட்கும். அந்த இடைவெளியில் கூட்டம் என்ன நடந்தது என்று புரியாமல் நிற்கும். அந்த ஒரு விநாடியை வெடிச்சத்தமில்லாமல் எடுத்துப்பாருங்கள். பெரும்பாலான படங்களில் வெடிச்சத்தம் முதலில் வந்து அதைக் கெடுத்துவிடுகிறது.

போனை ட்ரேஸ் பண்ண மூன்று நிமிடம் பேசவைப்பது

லேண்ட்லைன் காலத்துப் பழக்கம். செல்போன் ஆன் ஆனதும் டவர் தெரியும். சிம்மை மட்டும் மாற்றினால், போன் கருவிக்கே உரிய ஐஎம்இஐ எண் காட்டிக்கொடுக்கும்.

ஒரே பென் டிரைவில் உலகத்தின் ஆதாரம்

நகல் எடுக்க முடியாத காரணத்தைச் சொல்லுங்கள். அதோடு, மின்னணு ஆதாரத்துக்கு இந்திய நீதிமன்றத்தில் சான்றிதழும் வேண்டும்.

உச்சத் தலைவரே துரோகி

பாதிப் படத்தில் யூகித்துவிடுவார்கள். துரோகியைப் பிடிக்க அமர்த்தப்பட்டவனே துரோகியாக இருக்கட்டும். ஹான்சனுக்கு ஒரு கட்டத்தில் அந்த வேலைதான் கொடுத்திருந்தார்கள்.

நிரூபித்ததும் எல்லாம் சரியாகிவிடுவது

கடைசி சீனில் மேலதிகாரி சல்யூட் அடிக்க, நாயகன் சிரித்துக்கொண்டே நடந்துபோகிறான். நிஜம் அப்படி நகர்வதில்லை. நாகர்கோவிலில் பிறந்த விஞ்ஞானி நம்பி நாராயணன் 1994இல் உளவு வழக்கில் கைதானார். குற்றச்சாட்டு பொய் என்று சிபிஐ 1996இல் சொன்னது. உச்ச நீதிமன்றம் 50 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது 2018இல்.

ஒரு சீனுக்கு இடம் இருந்தால் அதை விமான நிலையக் கவுன்டரில் வையுங்கள். வழக்கு முடிந்து மாதங்கள் ஆகிவிட்டன, பெயர் பேப்பரில் வந்துவிட்டது. நாயகன் பாஸ்போர்ட்டை நீட்டுகிறான். அவன் பேரில் போட்ட லுக்அவுட் சர்குலரை ரத்து செய்ய யாருக்கும் தோன்றியிருக்காது. கவுன்டரில் இருப்பவர் திரையைப் பார்க்கிறார், அவன் முகத்தைப் பார்க்கிறார், "கொஞ்சம் இப்படி ஓரமா நில்லுங்க சார்" என்கிறார்.